அரை மில்லிமீட்டர்

ஏற்காடு ஏரியில் படகுக்கு நின்ற வரிசை மெல்ல நகர்ந்து எங்கள் முறை வந்தபோது கிடைத்தது, அன்னப்பறவை வடிவத்தில் ஒரு பெடல் படகு. ஒரு காலத்தில் நல்ல ரோஜா நிறமாக இருந்திருக்க வேண்டும். மகள் ஏறும்போது ஆடாமல் இருக்கட்டும் என்று பறவையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். சுற்றிவிட்டு இறங்கிய பிறகுதான் அவள் கவனித்தாள்: என் உள்ளங்கை முழுக்க வெளிறிய பொடி. பேன்ட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. “பெயின்ட் காயவே இல்லபோலப்பா” என்றாள்.

அது பெயின்ட் இல்லை. காய்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது, ஆனாலும் விரலுக்கு அந்த வழுவழுப்பு மறக்கவில்லை. காசிமேட்டுக் கொட்டகையில் என் பெரிய லீவுகள் இந்தப் பொடியைத் துடைப்பதில்தான் கழிந்தன.

அம்மாவின் அண்ணன் அங்கே ஃபைபர் படகு கட்டிக்கொண்டிருந்தார். சேலத்தில் முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே என்னை ரயிலேற்றி விடுவார்கள். தாத்தா கட்டுமரக்காரர். அவர் தொழிலை விட்டு வெகுநாளாகியும், கட்டுமரத்தை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று எங்களுக்கு வகுப்பெடுப்பதை விடவில்லை. கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் போட வேண்டும். தண்ணீர் குடித்த மரம் கனத்துப்போகும். வெயில் பட்டால்தான் மறுபடி மிதப்புக்கு வரும். அவரைப் பொறுத்தவரை கடலில் போகிற எதற்கும் வெயில்தான் மருந்து.

மாமாவுக்கோ வெயில்தான் பகை. பழைய படகு எது பழுதுக்கு வந்தாலும் முதல் வேலையாகத் தென்னோலைப் பந்தலுக்குள் தள்ளுவார், இடமில்லையென்றால் மேலே தார்ப்பாய் கட்டுவார். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கு இது பொறுக்காது. “நெழல்ல வெச்சா ஊறிப் பூடும்டா” என்பார். “இது மரம் இல்லப்பா” என்பார் மாமா. இந்த உரையாடலை ஒவ்வொரு கோடையிலும், ஒரு சொல்கூட மாறாமல், கேட்டிருக்கிறேன்.

மாமா இந்த வேலையைக் கற்றுக்கொண்ட இடம் கொஞ்சம் பெருமைக்குரியது. 1979இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடா மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கியது. துறைமுகமில்லாத கரையில், அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஏறி இறங்கத் தாங்கும் படகு எது என்று அவர்கள் பல மாதிரிகளைக் கட்டிச் சோதித்தார்கள். அப்படிப்பட்ட படகுகள் கட்டிய ஒரு பட்டறையில் மாமா எடுபிடியாகச் சேர்ந்து, ரெசின் கலக்கக் கற்றுக்கொண்டு, பிறகு தனியாக வந்தார். ஃபைபர் மக்காது, புழு அரிக்காது, எண்ணெய் பூச வேண்டாம், பிரித்துக் காயப்போட வேண்டாம், ஒரு பராமரிப்பும் வேண்டாம் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். முதல் நான்கு சங்கதியும் உண்மை.

கொட்டகையின் வாசனையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரெசின் பீப்பாயைத் திறந்தால் மூக்கின் உச்சியில் போய் உட்காருமே, இனிப்பும் காரமுமாக ஒரு ஸ்டைரீன் நெடி, அது மாமாவின் தலைமுடி வரைக்கும் ஊறியிருந்தது. அத்தை அவர் துணிகளைத் தனி வாளியில்தான் ஊறவைப்பார். பாரிமுனையில் பஸ் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார் என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்வார். முகத்தில் ஒரு ஈரத் துண்டு, அவ்வளவுதான் அன்றைய பாதுகாப்பு. அந்த நெடி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று யாரும் அங்கே வந்து சொன்னதில்லை. கண்ணாடி நாரின் அரிப்பு இன்னொரு பாடம். சொறியக் கூடாது, வெந்நீரில் குளிக்கக் கூடாது, பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீடு கட்டுகிறவர்கள் கடைசியில் வெள்ளையடிப்பார்கள். ஃபைபர் படகில் வெளிப்பூச்சுதான் முதலில். மோல்டு என்கிற அச்சின் உட்புறத்தில் மெழுகைத் தேய்த்து, ஒட்டாமல் இருக்க ஒரு மெல்லிய படலம் பூசி, அது காய்ந்ததும் நிறம் கலந்த ரெசினை அடிப்பார்கள். அதுதான் ஜெல்கோட். அது இறுகிய பிறகுதான் கண்ணாடி நார் மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காக ஏறும். கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரைதான். கத்திரி வெயிலில் மாமா அதையும் குறைப்பார், இல்லையென்றால் டப்பாவிலேயே கல்லாகிவிடும். எல்லாம் இறுகியதும் அச்சிலிருந்து படகைப் பிரிக்கும்போது ‘படக்’ என்று ஒரு சத்தம் வரும். உள்ளே இருந்து வெளிவரும் முகம் கண்ணாடிபோலப் பளபளக்கும். யாரும் அதைத் தேய்க்கவில்லை, பாலிஷ் போடவில்லை. அச்சு எவ்வளவு மினுங்கியதோ அவ்வளவு மினுக்கம் படகுக்கும் வந்திருக்கிறது. அதனால்தான் அச்சுக்கு மெழுகு தேய்ப்பதை மாமா லேசில் யாரிடமும் ஒப்படைக்க மாட்டார். எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வே அதுதான். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டில் தையல் இல்லாத துண்டாகப் பொறுக்கி, வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். தையல் இருந்தால் கோடு விழும்.

அந்த ஜெல்கோட்டின் கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான். இரண்டு அஞ்சலட்டையை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வருகிற கனம். வெயிலின் புற ஊதாக் கதிர் நாள் தவறாமல் அதன் மேல்முகத்தைத் தாக்கி ரெசினின் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. காற்றும் உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொள்கின்றன. மேலே இருக்கும் ரெசின் செத்துப்போக, அது பிடித்து வைத்திருந்த நிறத்தூள் அநாதையாகி வெளியே நிற்கிறது. கையில் ஒட்டுவது அதுதான். வெள்ளைப் படகில் இந்தச் சேதம் சட்டென்று தெரியாது. சிவப்பும் கருநீலமும் இரண்டு மூன்று கோடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைச் சேர்ந்தவர்கள் எப்போதாவது மாமாவைத் தேடி வருவார்கள். 1911இல் தொடங்கிய கிளப் அது. காசிமேட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றாலும் வேறு உலகம். அவர்களுக்குப் படகு பிழைப்பு இல்லை, பிரியம். பிழைப்புக்காரன் படகு ஒழுகுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பான். பளபளக்கவில்லையே என்று வருந்த பிரியக்காரனுக்குத்தான் நேரம் உண்டு. அப்படி ஒரு பெரியவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தன் பாய்ப்படகை டிராலியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து இறங்கினார். என்டர்பிரைஸ் வகை. 1956இல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது; 13 அடிக்குச் சற்று மேல் நீளம், ஓட்ட இரண்டு பேர். அந்த வகைக்குப் பாய் வெளிர் நீலம், அதுதான் அடையாளம். இவர் படகில் உடம்பும் நீலமாக இருந்ததாம். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அடுப்புச் சாம்பலின் நிறம்தான்.

“வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரி வேணும்” என்றார் சார்.

மாமா பதில் சொல்லவில்லை. கிழிந்த குடையிலிருந்து வெட்டி வைத்திருந்த கறுப்புத் துணி ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும். அதை விரலில் சுற்றி, படகின் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்துத் துணியைத் திருப்பிக் காட்டினார். வெளிர் நீலப் பொடி. அடுத்து, வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி அடித்தார். சாம்பல் மறைந்து, அடியிலிருந்து ஆழமான நீலம் எழுந்து வந்தது. தண்ணீர் வழிந்து காய்ந்ததும் பழையபடி சாம்பல். “ஈரத்துல தெரியுது பாருங்க, அது வரைக்கும் வரும் சார். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காதீங்க.” ஈரப்படுத்திப் பார்க்கும் இந்தச் சோதனையை இன்றைக்குக் கார் பாலிஷ் கடைக்காரர்களும் செய்வதைப் பார்க்கிறேன். நிறம் செத்துவிட்டதா, மேல்தோல் மட்டும்தானா என்று அதில் தெரிந்துவிடும்.

முதலில் கழுவல். உப்பு ஒரு பொட்டு மிஞ்சினாலும் அடுத்து வருகிற தாளோடு சேர்ந்து கீறும். அதனால் நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவல், காசிமேட்டில் நல்ல தண்ணீருக்கு லாரி பார்த்துக் காத்திருந்த காலத்தில். பழைய மெழுகு இருந்தால் அசிட்டோன் தொட்ட துணியால் துடைப்பு. பிறகு பின்பக்கம், அமரத்தில், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் கைக்குட்டை அளவு இடத்தை மட்டும் மாமா தேய்த்துப் பார்த்தார். எந்த நம்பர் தாளில் ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்ய அதற்கே ஒரு காலைப்பொழுது போயிற்று. மரவேலைக்கார ஆசாரி வைத்திருக்கும் உப்புத்தாள் இதற்கு ஆகாது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர்தான். பலபேர் நேராக 400இல் தொடங்குவார்கள், வேலை சீக்கிரம் முடியும். மாமா 1000இல் தொடங்கினார். போதவில்லை என்று தெரிந்த இடத்தில் மட்டும் 800க்கு இறங்கினார். பிறகு 1500, அப்புறம் 2000.

தாளை வெறும் கையால் பிடித்தால் விரல் அழுந்துகிற இடம் பள்ளமாகும். தேய்ந்த ஹவாய் செருப்பைச் செவ்வகமாக வெட்டி, அதன்மேல் தாளைச் சுற்றிக்கொள்ள வேண்டும். வாளியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். ஒரு நம்பர் தாளை நெடுக்காக ஓட்டினால் அடுத்ததைக் குறுக்காக ஓட்ட வேண்டும். முந்தைய கீறல் போய்விட்டதா என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தொடங்குவதற்கு முன் பென்சிலால் மேலெல்லாம் கட்டம் கட்டமாகக் கோடு போடச் சொல்வார். அந்தக் கோடு அழிந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. கோடு அழியும்போது நீலம் கலந்த தண்ணீர் வழிந்து காலடி மணலில் ஊறும். மாமா அதைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: “பாத்துக்க மாப்ள, படகு போவுது.”

விஷயம் அதுதான். ஜெல்கோட்டுக்கு நாம் பளபளப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. செத்த தோலைச் சுரண்டி எடுத்து, அடியில் உயிரோடு இருப்பதை வெளியே காட்டுகிறோம். ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் அந்த அரை மில்லிமீட்டரில் கொஞ்சம் கரைந்துபோகிறது. போனது போனதுதான்.

அடுத்து ரப்பிங் காம்பவுண்டு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கி வருவது. கிரைண்டர் மாதிரி ஒரு மெஷினில் ஆட்டுரோம வட்டைப் போட்டுச் சுற்றவிட்டால் சட்டை, சுவர், தாத்தா எல்லார்மேலும் தெறிக்கும். காலையில் ஒன்பது மணிக்குள், இல்லையென்றால் சாயங்காலம் நிழல் விழுந்த பிறகு. நடு வெயிலில் காம்பவுண்டு தடவியவுடன் காய்ந்து கறையாகும். மெஷினை ஒரே இடத்தில் வைத்தால் சூட்டில் ரெசின் கருகும். விளிம்புகளிலும் முனைகளிலும் பூச்சு மெலிவாக இருக்கும், மெஷினும் அங்கேதான் அதிகமாகக் கடிக்கும். அதனால் அந்த இடங்களில் காகித டேப்பை ஒட்டிவிட்டுக் கடைசியில் கையால் தேய்ப்பார். மெஷினை என் கையில் அவர் கொடுத்ததே இல்லை. எவ்வளவு கெஞ்சியும்.

சார் ஞாயிறுதோறும் பிளாஸ்க்கில் காப்பியோடு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். தாத்தாவுக்கும் அவருக்கும் நல்ல சிநேகம். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம். ஆனால் கடலுக்கு எதற்காகப் போவது என்பதில் இல்லை. மீன் பிடிக்காமல் சும்மா சுற்றிவிட்டுத் திரும்பி வரும் ஒரு மனிதரைத் தாத்தா அதற்கு முன் அருகில் பார்த்ததில்லை. “அப்புறம் இன்னாத்துக்கு சார் போறீங்க?” என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார். சார் வெகுநேரம் யோசித்தார். பதில் வந்ததாக ஞாபகம் இல்லை.

பக்கவாட்டு இரண்டும் முடிந்ததும் மாமா சோதித்தார். அன்றைய தினத்தந்தியை விரித்துப் படகுக்கு எதிரே பிடித்தார். தலைப்பு எழுத்துகள் இடம் வலம் மாறி நீலத்துக்குள் தெளிவாகத் தெரிந்தன. பேப்பரைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனார். முழங்கை தூரத்திலும் எழுத்து கலையவில்லை. சாருக்கு முகமெல்லாம் பல். ஆனால் முன்பக்கம், அணியத்துக்கு அடியில், கையகலத்துக்கு இன்னும் மங்கலாகவே இருந்தது. “இதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? இன்னும் ரெண்டு சுத்து விட்டா வந்துடுமே” என்றார்.

மாமா அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கரையில் வருஷக்கணக்காக இழுபட்ட இடம் அது. நீலத்துக்கு அடியில் பச்சையும் பழுப்புமாக நிழல் தெரிந்தது. கண்ணாடி நார் எட்டிப் பார்க்கிறது. “இதுக்கு மேல தேச்சா பளபளப்பு வரும் சார், கூடவே தண்ணியும் உள்ள வரும். இத்த விட்ருங்க.” சாருக்குத் திருப்தி இல்லை. மெழுகு தேய்க்க அவர் கொண்டுவந்திருந்த வெளிநாட்டு டப்பாவை, பிரேசில் பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு என்று பெருமையாகச் சொன்ன அந்த டப்பாவை, சற்றே முறைப்போடுதான் நீட்டினார். பேசிய கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை. அடுத்த வருஷமும் அதே படகோடு வந்தார்.

எங்கள் ஆட்கள் யாரும் இந்த வேலைக்குக் காசு கொடுத்ததில்லை. வெளிறினால் பெயின்ட் அடிப்பார்கள், பேரை எழுதுவார்கள், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிக் கடலில் தள்ளுவார்கள். 2001இல் மீன்பிடித் தடைக்காலம் வந்த பிறகு விசைப்படகுகளுக்கு அதுவே பெயின்ட் பருவமாயிற்று. முதலில் 45 நாள், 2017இலிருந்து 61 நாள். ஏப்ரல் 15 பிறந்தால் துறைமுகம் முழுக்கத் தின்னர் வாசனைதான்.

பிறகு 2004 டிசம்பர். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மனம் வரவில்லை. படகு இழந்தவர்களுக்குப் படகு கொடுக்க உலகமே வந்தது. கட்டுமரம் வைத்திருந்தவர்களுக்கும் ஃபைபர் கிடைத்தது. கரையெங்கும் புதிது புதிதாகக் கொட்டகைகள் முளைத்தன. மாமா மாதிரி இருபது வருஷம் தொழிலில் இருந்தவர் கட்டியதும், நேற்று ரோலர் பிடித்தவர் கட்டியதும் ஒரே வரிசையில் மணலில் நின்றன, பக்கத்தில் கொடுத்தவர் பேரோடு. மாமா நடந்து போகிறபோது பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் படகுகளைத் தட்டிக்கொண்டே போவார். ‘டங்’ என்று கேட்டால் நல்ல அடுக்கு. ‘பொத்’ என்று கேட்டால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் நாணயத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். இரண்டு மூன்று கோடை கழித்துப் போனபோது அந்த வரிசையில் பாதிக்கு மேல் வெளுத்துப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. கொடுத்தவர் பேர் மட்டும் பெயின்ட் என்பதால் அழியாமல் இருந்தது.

தாத்தாவும் போய்விட்டார், பந்தலும் போய்விட்டது. இப்போது தகரக் கூரையின் கீழே மாமா மகன் நடத்துகிறான். காற்றழுத்தத் துப்பாக்கி, சூடு ஏறாதபடி ஆட்டம் போட்டுச் சுற்றுகிற மெஷின், முகத்துக்கு வடிகட்டி மாட்டிய மாஸ்க், எல்லாம் உண்டு. பழைய படகு வந்தால் நாள் கணக்கில் தேய்ப்பதில்லை. 320 தாளால் ஒரு சொரசொரப்பு ஏற்றி, மேலே இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யூ. பெயின்ட். இரண்டு நாளில் படகு கைமாறிவிடும். “தேய்க்கிற கூலிய எவன் தர்றான் மச்சான்?” என்று என்னிடம் கேட்டான். அவன் கணக்கில் தப்பு இல்லை.

கை நடுக்கம் வந்த பிறகும் மாமா தினமும் கொட்டகைக்குப் போவார். போன முறை நான் அங்கே இருந்தபோது ஒரு பச்சைப் படகு வந்திருந்தது. மகனுக்கு வெளியே வேலை. பெயின்டுக்கு முன்னால் ஒரு பக்கமாவது சொரசொரப்பு ஏற்றி வைக்கும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான். மாமா 320 தாளைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வைத்துவிட்டார். குடைத் துணியைத் தேடினார். அப்புறம் என்னைப் பார்த்து, “அந்தப் பென்சில எட்றா” என்றார்.

மகன் திரும்பி வந்தபோது இடப்பக்கத்தில் அவன் முகமே பச்சையாகத் தெரிந்தது. அவனுக்கு வந்த கோபம் நியாயமானது: வழுவழுப்பான மேனியில், அதுவும் மெழுகு தேய்த்த மேனியில், பெயின்ட் பிடிக்காது, உரிந்துவரும். மறுபடி அத்தனையையும் சுரண்ட வேண்டும். “யாருப்பா உன்ன மெழுகு வெக்கச் சொன்னது?” என்று கத்தினான். மாமாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. வசதியான நேரங்களில் சுத்தமாகக் கேட்காது. வலப்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்து, இடப்பக்கத்தை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவைத்தான்.

படகுக்காரர் வந்தார். ஒரு பக்கம் பார்த்தார், சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து, தலைமுடியைக் கோதிக்கொண்டார். பிறகு மாமா மகனிடம், எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக பில் போட்டுத் தரும்படி கேட்டார்.